ஆயில் போகும் வழி: பழைய டிரையம்ப் என்ஜினைப் பிரித்துக் கட்டுவது பற்றி ஓர் அறிமுகம்

பழைய பிரிட்டிஷ் பைக்கின் என்ஜினைப் பிரித்துக் கட்டுவது என்றதும் புது பிஸ்டன், புது ரிங், பாலிஷ் போட்ட அலுமினிய மூடிகள் என்றுதான் பலருக்கும் தோன்றும். கண்ணுக்குத் தெரிவது அவைதான். ஆனால் பிஸ்டன் தேய்ந்தால் புகை வரும், இழுவை குறையும், வண்டி எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடும். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்குக்குப் போகும் ஆயில் நின்றுபோனால் அப்படியில்லை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து, என்ஜினின் வெளிக்கூடான கேஸைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு பிரித்துக் கட்ட ஒன்றும் மிஞ்சாது. அதனால் என்ஜின் வேலையை ஆயிலின் பக்கமிருந்து புரிந்துகொள்வதே சரி என்பது என் கருத்து. ஆயில் எங்கிருந்து புறப்பட்டு எதையெல்லாம் தொட்டுவிட்டு எப்படித் திரும்புகிறது என்று தெரிந்துவிட்டால், எதைக் கழற்ற வேண்டும், எதை அளக்க வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு என்ஜினை எடுத்துக்கொள்வோம்: டிரையம்ப் போனவில் டி120, அதிலும் 1963 முதல் 1970 வரை வந்த வடிவம். 649 சிசி, இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 82 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்). இதன் மூலவடிவம் எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937-இல் வெளிவந்த ஸ்பீட் ட்வின். கோவென்ட்ரியிலிருந்த டிரையம்ப் தொழிற்சாலை 1940 நவம்பர் குண்டுவீச்சில் அழிந்தது. பக்கத்தில் மெரிடனில் புதிதாகக் கட்டிய ஆலையில் 1942-இல் உற்பத்தி மறுபடி தொடங்கியது. போனவில் அங்கேதான் 1959 மாடலாகப் பிறந்தது. 1963-இல் என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸுக்குள் வந்தன. அந்த ஆலை 1983-இல் மூடப்பட்டது. இன்று ஹிங்க்லியைத் தலைமையிடமாகக் கொண்ட டிரையம்ப் நிறுவனம் விற்கும் போனவிலுக்கும் இதற்கும் பெயரும் தோற்றமும்தான் உறவு. உள்ளே இருப்பது முற்றிலும் வேறு என்ஜின்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதன் உள்ளமைப்பு அவ்வளவு அந்நியமாக இருக்காது. 1955 முதல் சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டும் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் உருவான வடிவம்தான். பழைய இரும்பு பேரல் (சிலிண்டர்) புல்லட்டைப் பிரித்தவர்களுக்குச் செங்குத்தாக இரண்டாகப் பிளக்கும் கேஸும், தனியாகச் சேமிக்கப்படும் ஆயிலும் பழகிய விஷயங்கள்.

சரி, ஆயில். இன்றைய பெரும்பாலான பைக்குகளில் ஆயில் என்ஜினின் அடியிலேயே தேங்கி நிற்கும். டி120-இல் அப்படி இல்லை. இது 'டிரை சம்ப்' முறை. சீட்டுக்குக் கீழே ஒரு பக்கமாக ஆயில் டேங்க் தனியாக இருக்கும். (1971 முதல் இந்த டேங்கையே ஒழித்து, ஃப்ரேமின் தடித்த குழாய்க்குள் ஆயிலை ஊற்றினார்கள்.) டேங்கிலிருந்து ஒரு குழாய் வழியே ஆயில் கீழே இறங்கிப் பம்புக்கு வருகிறது. பம்ப் என்பது இரண்டு சிறு பிளஞ்சர்கள், அதாவது மேலும் கீழும் போய்வரும் உருளைகள். மெல்லியது ஆயிலை உள்ளே தள்ளும்; பருத்தது கேஸின் அடியில் விழுந்த ஆயிலை உறிஞ்சி டேங்குக்கே திருப்பி அனுப்பும். உள்ளே வருவதைவிட வெளியேற்றும் திறன் அதிகம் என்பதால் அடியில் ஆயில் தேங்காது.

உள்ளே தள்ளப்பட்ட ஆயில், பிரஷர் வால்வைக் கடந்து, வலப்பக்க டைமிங் கவருக்குள் துளைத்த பாதையில் ஓடி, கிராங்க் ஷாஃப்டின் முனைக்குள் நுழைகிறது. அந்த நுழைவாயிலில் ஒரு சிறு ஆயில் சீல் இருக்கிறது. விலை அற்பம். ஆனால் அதன் உதடு மடங்கியிருந்தாலோ கிழிந்திருந்தாலோ, பம்ப் தரும் அழுத்தம் முழுவதும் அங்கேயே கசிந்துவிடும். கவரை மாட்டும்போது சீல் மடங்காமல் ஏறுகிறதா என்று பார்ப்பது, இந்த வேலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய சில நொடிகளில் ஒன்று.

கிராங்குக்குள் போன ஆயில், கனெக்டிங் ராடுகள் கிராங்கைப் பற்றும் இடத்திலுள்ள பிக் எண்ட் பேரிங்குகள் இரண்டுக்கும் அழுத்தத்தோடு போகிறது. அழுத்தத்தில் ஆயில் கிடைக்கும் முக்கியமான இடம் அதுதான். அங்கிருந்து தெறிக்கும் ஆயில்தான் சிலிண்டர் சுவர், பிஸ்டன் பின், மெயின் பேரிங் எல்லாவற்றையும் நனைக்கிறது. பிறகு அடியில் விழுந்து, ஒரு கம்பிவலை வழியாக உறிஞ்சப்பட்டு டேங்குக்குத் திரும்புகிறது. திரும்பும் பாதையிலிருந்து ஒரு சிறு கிளை மேலே, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களுக்குப் போகிறது.

இந்தப் பயணத்தில் ஃபில்டர் எங்கே என்று கேட்டால், இரண்டு கம்பிவலைகளைத்தான் காட்ட முடியும். அவை கொசுவைப் பிடிக்கும், இரும்புத்தூளைப் பிடிக்காது. தூளைப் பிடிக்க டர்னர் வேறு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்: ஸ்லட்ஜ் ட்ராப்.

கிராங்கின் பிக் எண்ட் ஜர்னல்களுக்குள் (பேரிங் சுழலும் உருண்டைப் பகுதிகள்) குடைந்த ஒரு துளை. அதற்குள் ஒரு இரும்புக் குழாய். ஆயில் இந்தக் குழாய் வழியே போய்த்தான் பேரிங்குகளுக்கு வர வேண்டும். கிராங்க் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றும்போது, ஆயிலில் மிதக்கும் கரி, உலோகத்தூள் போன்ற கனமானவை வெளிச்சுற்றுப் பக்கம் ஒதுங்கி அங்கே படிந்துவிடும். சுத்தமான ஆயில் பேரிங்குக்குப் போகும். பாசன வாய்க்காலில் மண் தங்குவதற்கென்றே குழி வெட்டி வைப்போமே, அதே உபாயம். குழியைத் தூர் வாரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதையும் அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். வருடக்கணக்கில் சேர்ந்த கசடு இறுகி, கருங்களிமண் போலக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் ஆயில் துளையே மூடிப்போகும். பிக் எண்ட் வறண்டு சூடாகி இறுகும். இந்த என்ஜினின் ராடுகள் அலுமினியக் கலவை. அந்தப் பிடிப்பை அவை தாங்குவதில்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குழாயை வெளியிலிருந்து பார்க்கவே முடியாது. ஹெட்டைக் கழற்றினாலும் பேரலைக் கழற்றினாலும் தெரியாது. கேஸை முழுதாகப் பிளந்து, கிராங்கை வெளியே எடுத்து, ஜர்னல் முனையிலுள்ள திருகு மூடியைக் கழற்றியாக வேண்டும். அந்த மூடி தளராமல் இருக்க, தொழிற்சாலையிலேயே பஞ்ச் வைத்துத் தட்டிப் பூட்டியிருப்பார்கள். முதலில் அந்தத் தட்டலை டிரில்லால் அகற்ற வேண்டும். பிறகு சூடு காட்டி, இம்பாக்ட் டிரைவர் வைத்துத் திருக வேண்டும். மூடி வந்துவிட்டது என்று குழாயை இழுக்கத் தொடங்காதீர்கள். நடுவிலுள்ள ஃப்ளைவீலைக் கிராங்கோடு பிணைக்கும் மூன்று போல்ட்டுகளில் ஒன்றின் முனை, இந்தக் குழாயையும் நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்த பிறகே குழாய் வரும். அப்போதும் முரண்டுபிடித்தால், குழாய்க்குள் டேப் விட்டு மரை வெட்டி, அந்த மரையைப் பிடித்து இழுப்பார்கள். சுத்தம் செய்து, புதுக் குழாய் போட்டு, மூடியை மரைப்பசையோடு இறுக்கி, மறுபடி பஞ்ச் தட்ட வேண்டும்.

டி120 வாங்கப் போகிறீர்கள், விற்பவர் 'என்ஜின் வேலை புதுசா முடிச்சது' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லட்ஜ் ட்ராப்பைத் திறந்தீர்களா என்று கேளுங்கள். 'அது எது?' என்று அவர் திருப்பிக் கேட்டால் விலையைப் பேச வேண்டியது நீங்கள்தான்.

இனி பிரிக்கும் வேலை. முதல் தடை ஸ்பேனர். 1960-களின் பிற்பகுதி வரை இந்த வண்டியில் இருப்பது பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் மரைகள். அதன் நட்டுகளுக்கு விட்வொர்த் அளவு ஸ்பேனர் வேண்டும். அந்த ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், நட்டின் அகலத்தைச் சொல்லாது. போல்ட்டின் விட்டத்தை வைத்து வந்த எண் அது. கால் அங்குலம் என்று எழுதியிருக்கும் விட்வொர்த் ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மி.மீ. இருக்கும். 13-ஆம் நம்பர் ஏறாது, 14-ஆம் நம்பர் வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். 1960-களின் கடைசியில் யூனிஃபைடு என்ற வேறு ரக மரைக்குப் படிப்படியாக மாறினார்கள். அதனால் ஒரே வண்டியில் இரண்டு ரகமும் கலந்திருக்கும். கழற்றிய போல்ட்டை அதனதன் ஓட்டையின் பெயரெழுதிய பையில் போட்டு வைப்பது சோம்பேறித்தனத்துக்கு எதிரான சிறந்த மருந்து.

இரண்டாவது தடை, பொறுமையின்மை. கிளட்ச் ஹப்புக்கும் கிராங்க் முனையிலுள்ள சிறு பல்சக்கரமான டைமிங் பினியனுக்கும் தனித்தனிப் புல்லர் (இழுத்தெடுக்கும் கருவி) உண்டு. சுத்தியல் அதற்கு மாற்று ஆகாது. வால்வுகளை இயக்கும் கேம்களின் பல்சக்கரங்களை (கேம் வீல்) பிடித்திருக்கும் நட்டுகள் இடது மரை. வழக்கமான திசையில் பலம் போட்டால் இறுகும், பிறகு முறியும். கேஸின் இரு பாதிகளுக்கு நடுவே ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புவது எல்லாவற்றிலும் மோசம். அந்த அலுமினிய முகத்தில் விழும் ஒவ்வொரு கீறலும் நாளைய ஆயில் கசிவு. கேஸ் பிரியவில்லை என்றால் எங்கோ ஒரு போல்ட் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.

மெயின் பேரிங்கைக் கேஸிலிருந்து எடுக்கச் சூடுதான் சரியான கருவி. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சுமார் 70 மி.மீ. விட்டமுள்ள பேரிங் உட்கார்ந்திருக்கும் கேஸை, இருக்கும் வெப்பத்திலிருந்து 80 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால், பிடிப்பு ஏறக்குறைய 0.06 மி.மீ. தளரும். அது போதும், கேஸைக் கவிழ்த்து மரப்பலகை மேல் லேசாகத் தட்டினாலே பேரிங் விழுந்துவிடும்.

எல்லாம் மேசைக்கு வந்த பிறகு நடப்பதே உண்மையான வேலை: அளப்பது. இந்த என்ஜினின் கையேடு முழுக்கத் தௌ கணக்கில் பேசும். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. பிக் எண்ட் ஜர்னலை மைக்ரோமீட்டரால் பல இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வட்டம் கெட்டிருந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ, கிராங்கை கிரைண்டிங்குக்குக் கொடுத்துப் பத்து, இருபது அல்லது முப்பது தௌ குறைத்து, அதற்கேற்ற தடிமனான பேரிங் ஷெல் போட வேண்டும். கிரைண்டிங் செய்பவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது, ஜர்னலின் இரு ஓரங்களிலும் இருக்கும் வளைவை அப்படியே விட வேண்டும் என்பது. அங்கே கூர்மூலை விழுந்தால் கிராங்க் ஒருநாள் அந்த இடத்தில்தான் முறியும்.

இந்த என்ஜினின் பிஸ்டன்கள் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குபவை. ஒரு சுற்றில் ஒரு சிலிண்டர் வெடிக்கும், அடுத்த சுற்றில் மற்றது. வெடிப்புகள் சம இடைவெளியில் வரும், ஓசை அழகாக இருக்கும். ஆனால் இரண்டு பிஸ்டனின் எடையும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஆடுவதால், எதிர் எடைகளால் அந்த ஆட்டத்தை முழுதாகச் சமன் செய்ய முடியாது. ஒரு பகுதியை வேறு திசைக்குத் திருப்பத்தான் முடியும். வேறு எடையுள்ள பிஸ்டன் போடுவதென்றால் கிராங்கை பேலன்ஸ் செய்யக் கொடுப்பது நல்லது. செலவுதான், ஆனால் மரத்துப்போன விரல்களோடு ஓட்ட வேண்டியிருக்காது.

பேரலை அளக்கும்போது, மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்திலும், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பார்க்க வேண்டும். தேய்மானம் அதிகம் இருப்பது ரிங் ஏறி நிற்கும் மேல்பகுதியில், முன்பின் திசையில். தேயாத பகுதிக்கும் அதற்கும் ஐந்து தௌக்கு மேல் வித்தியாசம் என்றால் ரீபோர்தான், அதாவது சிலிண்டரைப் பெரிதாகக் கடைய வேண்டும். பத்து, இருபது, முப்பது, நாற்பது தௌ ஓவர்சைஸில் பிஸ்டன் கிடைக்கிறது. இதில் வரிசை முக்கியம்: பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையோடு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பக் கூடாது. பேரல் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். சூட்டில் பிஸ்டன் வேகமாகப் பருக்கும். இடைவெளி போதவில்லை என்றால் முதல் ஏற்றத்திலேயே பிடித்துக்கொள்ளும். ரிங்கை வெறும் சிலிண்டரில் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பத்து முதல் பதினான்கு தௌ இருக்க வேண்டும். குறைந்தால் அரத்தால் ராவலாம். கூடினால் வேறு ரிங்.

ஹெட்டில் பார்க்க வேண்டியது, வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு. வால்வைப் பாதி தூக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் கைடு மாற்ற வேண்டும். புது கைடின் மையம் பழையதோடு மயிரிழை பிசகாமல் ஒத்துப்போகாது என்பதால், கைடு மாற்றினால் வால்வு அமரும் சீட்டையும் வெட்டியே ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் லேப்பிங், அதாவது பசை தடவி வால்வையும் சீட்டையும் உரசிப் பொருத்துவது. சரிதானா என்று பார்க்க, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாழிகை விட்டுவிடுங்கள். மறுபக்கம் ஈரம் தெரியக் கூடாது.

கட்டுவதற்கு முன் கழுவ வேண்டும், பிறகு மறுபடி கழுவ வேண்டும். கேஸ் புதிதுபோல மின்ன வேண்டும் என்று கண்ணாடி மணல் பீய்ச்சுபவர்கள் உண்டு. அந்த மணல் ஆயில் துளைகளின் மூலைகளில் ஒட்டிக்கொண்டு, என்ஜின் ஓடத் தொடங்கியதும் பேரிங்கைத் தேடி வரும். எனக்கு மங்கலான கேஸே போதும். ஒவ்வொரு துளையிலும் ஒரு பக்கம் காற்றுப் பாய்ச்சி மறுபக்கம் வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

கனெக்டிங் ராடு போல்ட்டை இறுக்கும்போது அது கொஞ்சம் நீள வேண்டும். இறுக்குவதற்கு முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரால் நீளத்தை அளந்து, நான்கைந்து தௌ நீண்டதா என்று பார்ப்பது டார்க் ரெஞ்சைவிட நம்பகமான வழி. மூடிகளை ராடுக்கு ராடு மாற்றக் கூடாது, திருப்பியும் போடக் கூடாது. பேரலை இறக்கும்போது இரண்டு பிஸ்டனும் ஒரே உயரத்தில் நிற்பதால், இரண்டின் ரிங்கையும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைக்க வேண்டும்; இன்னொரு ஜோடிக் கை இருந்தால் நிம்மதி. கேமின் அசைவை மேலே வால்வுப் பக்கம் கடத்தும் டேப்பெட்டுகள் நழுவிக் கேஸுக்குள் விழாதபடி முன்கூட்டியே கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் டைமிங்கில் புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. கிராங்குக்கும் இரண்டு கேம்களுக்கும் நடுவே சுற்றும் இடைச்சக்கரத்துக்கு 47 பற்கள். அது பகா எண் என்பதால், ஒருமுறை குறிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தால், மறுபடி சேர கிராங்க் 94 சுற்று சுற்ற வேண்டும். சரியாகப் பொருத்திவிட்டு, சும்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'ஐயோ, குறி மாறிவிட்டதே' என்று மறுபடி பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பொருத்தியதும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒழுக்கு பற்றிச் சொல்லாமல் பிரிட்டிஷ் பைக் கட்டுரை முடியாது. 'ஆயில் ஒழுகவில்லையா? அப்படியானால் உள்ளே ஆயில் இல்லை' என்ற பழைய கிண்டல் பாதி நியாயமானது. கேஸ் செங்குத்தாகப் பிளப்பதால், இணைப்புக் கோடு ஆயில் விழும் அடிப்பகுதி வழியாகவே போகிறது. ஜப்பானியர்கள் பலரும் கேஸைப் படுக்கைவாக்கில் பிரித்து இதைத் தவிர்த்தார்கள். மேலே, பேரலுக்கு முன்னும் பின்னும் நிற்கும் புஷ்ராடு குழாய்களின் ரப்பர் சீல் பேர்போன இடம். ஹெட்டை இறுக்கும்போது அந்த ரப்பர் முப்பது நாற்பது தௌ அளவு நசுங்க வேண்டும். குறைவாக நசுங்கினால் ஒழுகும். அதிகமானால் ஹெட் பேக்கிங்கே சரியாக அமராது. பேக்கிங் செம்புத் தகடு என்றால், அதைச் செக்கச்சிவக்கச் சூடாக்கி ஆறவிட்ட பிறகு போடுங்கள்; இறுகிய செம்பு மறுபடி மெத்தென்று ஆகும். இணைப்புகளில் சிலிகான் பசையை அப்பி வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பிதுங்கும் மிச்சம் உள்பக்கம் உதிர்ந்து, கழுவி முடித்த அதே ஆயில் பாதையைத்தான் அடைக்கும். மெல்லிய பூச்சு போதும்.

டேப்பெட் இடைவெளி என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இன்லெட்டுக்கு இரண்டு தௌ, எக்ஸாஸ்டுக்கு நான்கு. இக்னிஷன் பொறி, அதிகபட்சம் முந்தும் நிலையில் (முழு அட்வான்ஸ்), பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் 38 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது.

முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன், பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, டேங்கின் மூடியைத் திறந்து வைத்து, கிக்கரை நிதானமாக மிதித்துக்கொண்டே இருங்கள். டேங்குக்குள் தெரியும் ரிட்டர்ன் குழாயின் வாயில் ஆயில் வரும் வரை மிதிக்க வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அந்தக் குழாயில் ஆயில் ஒரே தாரையாக வராது. விட்டுவிட்டு, நுரையும் காற்றுமாகத் துப்பும். பயப்பட வேண்டாம். உறிஞ்சும் பிளஞ்சர் பெரியது என்று சொன்னேனே, அடியிலுள்ள ஆயிலை வழித்துவிட்டுக் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. தாரை ஒரே சீராக வந்தால்தான், அதுவும் வெகுநேரம் வந்தால்தான், அடியில் ஆயில் தேங்கியிருக்கிறது என்று பொருள். சூடான பிறகு ஓட்டத்தில் அழுத்தம் 65 முதல் 80 பிஎஸ்ஐ வரை இருந்தால், கிராங்க் முனையிலுள்ள அந்தச் சின்ன சீல் மடங்காமல் அமர்ந்திருக்கிறது.

முழுக்க ஆறிய பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அதனால் மாறும் டேப்பெட் இடைவெளியையும் திரும்பப் பாருங்கள். 500 மைல் ஓடியதும் ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கி, இரண்டு வலைகளையும் எடுத்துக் கழுவிவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். இப்போது ரிட்டர்ன் குழாயில் மாட்டும் பேப்பர் ஃபில்டர் தனியாகக் கிடைக்கிறது. பழமை கெடும் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள்.